எலிசாள் படித்த துருக்கி பாஷை

எலிசாளும் நானும் பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்பள்ளியில் பதினோரு வருஷம் அடுத்தடுத்த வகுப்பில் பாடம் சொன்னோம். அவள் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பாள். வேற்றுமை உருபுகளைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவதில் அவளுக்கு நிகர் அவள்தான். அவளுக்குத் துருக்கி பாஷை தெரியும் என்பது எனக்குத் தெரிய ஏழு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு மத்தியானக் கஞ்சி வேளைகளில் அவள் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1921-இல், இடவப்பாதி மழை பிடித்த வாரம், அவளை ஞானசிகாமணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்துநாலு வயது. ஒரு தனியார் வைத்தியசாலையில் கம்பவுண்டர். சண்டைக்குப் போய், மெசபடோமியாவில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்து, துருக்கிக்காரர்களிடம் பிடிபட்டு, இரண்டரை வருஷம் கைதியாகக் கிடந்தவர். கோனியா என்கிற ஊரில் கைதிகளின் ஆஸ்பத்திரியிலேயே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 1919-இல் திரும்பி வந்தபோது பாதி உடம்புதான் மிச்சம். பேச்சும் பாதிக்குமேல் போய்விட்டது.

வீடு நந்தன்கோட்டில். அதில் மூன்று பேர். மூன்றாவது ஆள் ஞானபாய், ஞானசிகாமணியின் மூத்த அக்காள். புருஷனை இழந்தவள், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். காலையில் கண் விழிக்கும்போது திறக்கிற வாயை ஜெபத்துக்குக்கூட மூடாதவள் என்று எலிசாள் சொல்வாள். அக்காள் பேசப் பேசத் தம்பி தலையாட்டுவார். அவ்வப்போது மட்டும், யாரையும் பார்க்காமல், புரியாத ஏதோ ஒன்றை முணுமுணுப்பார்.

அது என்ன என்று கல்யாணமான மூன்றாம் நாளே எலிசாள் நாத்தனாரிடம் கேட்டாள். ஞானபாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்க தம்பிக்கு அந்நிய பாஷ வரம் கெடச்சிருக்காக்கும், பிள்ளே. பரிசுத்த ஆவி பேசுது. நீ குறுக்க பேசிராத.”

அந்த நாட்களில் நெய்யாற்றங்கரைப் பக்கமெல்லாம் எழுப்புதல் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அந்நிய பாஷை பேசுகிறவர்களைப் பார்க்க ஜனங்கள் மைல்கணக்கில் நடந்து போனார்கள். தன் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒருத்தர் இருப்பதில் ஞானபாய்க்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தெரிந்த பெண்களிடமெல்லாம் காதோடு சொல்லி வைத்திருந்தாள்.

எலிசாளுக்கு அது அவ்வளவாக ஏறவில்லை. சாளைமீன் கறியில் உப்புக் குறைந்த அன்றெல்லாம் ஆவியானவர் ‘துஸ் யோக்’ என்றார். உப்புச் சரியாக இருந்த அன்று அப்படிச் சொல்வதே கிடையாது. பானையில் தண்ணீர் தீர்ந்த அன்று ‘ஸு யோக்’. பரிசுத்த ஆவிக்கு இவ்வளவு சமையல் கவலை ஏன் என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

வாத்தியார் வேலை பார்க்கிறவளுக்குச் சந்தேகம் வந்தால் பரீட்சை வைக்காமல் இருக்க முடியுமா? மறுநாள் காலை அவர் குடையை எடுத்து அரிசிப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் மூலை மூலையாகத் தேடிவிட்டு, ‘ஷெம்ஸியே யோக்’ என்றார். எலிசாள் அடுக்களைக்குப் போய் ஒரு பழைய காப்பி நோட்டில் எழுதினாள்: ஷெம்ஸியே, குடை. யோக், இல்லை. பிறகு குடையைக் கண்டெடுத்தவள்போல் கொண்டு வந்து கொடுத்தாள்.

அதோடு விட்டிருந்தால் நல்ல மனைவி. அவள் விடவில்லை. செருப்பு காணாமல் போயிற்று. ‘தெர்லிக்’ என்ற வார்த்தை கிடைத்தது. மூக்குக்கண்ணாடி போயிற்று; ‘கொஸ்லுக்’. மருந்து அலமாரிச் சாவி போனபோது ‘அனஹ்தார்’. ஆறு மாதத்தில் அந்த வீட்டில் காணாமல் போகாத பொருள் ஞானபாயின் வேதபுத்தகம் ஒன்றுதான். வீட்டில் பேயோ கள்ளனோ இருப்பதாக ஞானபாய் நம்பத் தொடங்கி, நிலைப்படியில் நின்று தினமும் சங்கீதம் வாசித்தாள்.

பெயர்ச்சொல் சேர்ந்ததும் எலிசாளுக்கு உருபுகளின்மேல் ஆசை வந்தது. செருப்பை வீட்டுக்குள் ஒருநாள், கொல்லையில் ஒருநாள், அறையில் ஒருநாள் என்று மாற்றி மாற்றி வைத்தாள். கண்டுபிடித்ததும் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். ‘எவ்’ என்றால் வீடு, ‘எவ்தே’ என்றால் வீட்டில். கொல்லையில் என்றால் ‘பஹ்செதே’. அறையில் என்றால் மட்டும் ‘ஓதாதா’. ஒரே ‘இல்’ உருபு ஓரிடத்தில் ‘தே’, இன்னோரிடத்தில் ‘தா’. அவர் வாய்தவறிச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தாள். பிறகு பூனைகள் ‘கெதிலெர்’ ஆகவும் காக்கைகள் ‘கர்கலார்’ ஆகவும் வந்தபோது பிடிபட்டது. சொல்லின் கடைசி உயிர் வாயின் முன்பக்கம் ஒலித்தால் ஒட்டும் முன்பக்கம் ஒலிக்கும். பின்பக்கம் ஒலித்தால் ஒட்டும் பின்னாலேயே போகும். “மாமியார் காப்பிக்குச் சர்க்கரை வேண்டாமென்றால் மருமகளுக்கும் வேண்டாமாம், அதுபோல” என்று எனக்கு விளக்கினாள்.

மற்றபடி அந்தப் பாஷை அவளுக்கு ஒன்றும் அந்நியமாக இல்லை. வினை நம்மைப்போல் கடைசியில் வருகிறது. சொல்லின் வாலில் ஒட்டுக்குமேல் ஒட்டாகக் கோத்துக்கொண்டே போகலாம். நாம் ‘ஆ’ சேர்த்துக் கேள்வி கேட்பதுபோல் அவர்கள் ‘மி’ சேர்த்துக் கேட்கிறார்கள். அவன், அவள், அது மூன்றுக்கும் ‘ஓ’ என்று ஒரே சொல் என்பதுதான் தொந்தரவு. ஒருநாள் அவர், ‘ஓ சோக் கொனுஷுயோர்’ என்றார். ‘ஓ’ நிறையப் பேசுகிறது என்று அர்த்தம். அப்போது வீட்டில் இருந்தது அவள், ஞானபாய், கூண்டில் ஒரு கிளி. கிளியைச் சொன்னதாகத்தான் இன்றுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

‘குஸெல்’ என்ற சொல்லில்தான் சறுக்கினாள். நெய் வடிகிற சாளையைப் பார்த்து அவர் அதைச் சொன்னார். பழுத்த பலாச்சக்கையைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வீட்டில் சினையாயிருந்த பசுவைப் பார்த்தும் சொன்னார். கொழுத்தது என்றுதான் அர்த்தம் இருக்கவேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றவளைக் கதவோரமாகப் பார்த்து, ‘கரிம் குஸெல்’ என்றார் மனுஷன். ‘கரிம்’ என்றால் என் பெண்டாட்டி. எலிசாள் பத்து நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ராத்திரிச் சோற்றையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சாயங்காலம், மழை விட்டு வானவில் போட்டிருந்தது. அதைப் பார்த்து அவர் ‘குஸெல்’ என்றார். வானவில் எப்படிக் கொழுக்கும்? நோட்டை எடுத்துப் பழையதை அடித்து, ‘அழகு’ என்று எழுதினாள். அன்றைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி ஆப்பம். ஏன் ஆப்பம் என்று அவருக்குத் தெரியாது.

இப்படி ஒன்றேகால் வருஷம், தனக்குப் பாஷை தெரியும் என்பதை அவள் காட்டிக்கொள்ளவே இல்லை. ஏன் என்று கேட்டேன். “தெரியும்னு சொன்னா அப்புறம் அவரு பேசமாட்டாரே” என்றாள்.

அதற்குள் ஞானபாய் விஷயத்தைப் பெரிசாக்கிவிட்டாள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திரவியம் என்றொரு ஊழியக்காரர் வந்திருந்தார். நல்ல மனுஷர், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை கண் கலங்குவார். அவரைத் தன் தம்பியின் பாஷையைக் கேட்க வரும்படி ஞானபாய் கூப்பிட்டாள். கோவில் பெண்கள் நாலு பேரும் கூட வந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், சரியாகச் சாப்பாட்டு வேளை. முன்னறையில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஞானசிகாமணி உள்ளறையில் கட்டிலில் இருந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடியிருப்பது எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊழியக்காரர் ஜெபித்தார், பாடினார், மறுபடி ஜெபித்தார். இரண்டு மணி நேரம் போயிற்று. அடுக்களையில் மீன் ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பு ஆதாம் நே ஸமான் கிதெஜெக்?”

பெண்கள் நாலு பேரும் கையைக் கூப்பிக்கொண்டார்கள். ஊழியக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஆதாம் என்று தம் காதாரக் கேட்டாரே. ஆதி பிதாவின் பெயரல்லவா அது! இந்தப் பாஷைக்கு அர்த்தம் சொல்லக்கூடியவர் யாராவது இங்கே உண்டா என்று நடுங்குகிற குரலில் கேட்டார்.

எலிசாள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கும் பசி. துருக்கியில் ‘ஆதாம்’ என்றால் ஆள், மனுஷன், அவ்வளவுதான். என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிக்கும் முன்னே வாய் திறந்துவிட்டது.

“இந்த ஆதாம் எப்பம் போவான்னு கேக்காரு, ஐயா.”

ஊழியக்காரர் அழுதுவிட்டார். நம் ஒவ்வொருவருக்குள்ளும் குடியிருக்கிற பழைய ஆதாம் எப்போது வெளியேறுவான் என்றல்லவா ஆவியானவர் கேட்கிறார் என்று பெண்களுக்கு விளக்கினார். அதற்குள் உள்ளேயிருந்து, ‘ஆஜிக்திம்’ என்று வந்தது. பசிக்குது என்கிறார் என்றாள் எலிசாள். ஆத்துமாக்களைப் பற்றிய பசி என்றார் ஊழியக்காரர். ‘பாலிக் ஸோவுது’ என்று அடுத்தது. மீன் ஆறிப்போச்சாம் என்றாள். ஊழியக்காரர் எழுந்து நின்றார். மீன் என்பது சபை, நந்தன்கோட்டுச் சபையின் அனல் ஆறிப்போயிற்று. இதைவிடத் தெளிவாக வேறெப்படிச் சொல்லமுடியும் என்றார். எலிசாள் ஒரு எழுத்தைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. அதை என்னிடம் சத்தியம் பண்ணிச் சொன்னாள்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, மெதுவாக, அவளை நோக்கி ஒரு கேள்வி வந்தது.

“ஸென் துர்க்சே பிலியோர் முஸுன்?”

உனக்குத் துருக்கி தெரியுமா என்கிறார். அக்காள் எதைக் கேட்டாலும் அவர் ‘பில்மியோரும்’ என்பார். தெரியாது என்று பொருள். தெரியும் என்று அவர் அந்த வீட்டில் யாரிடமும் சொன்னதே இல்லை. ஆனால் பால்காரன் வருவது ‘கெலியோர்’, வராதது ‘கெல்மியோர்’. நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ம்’ போனால் இல்லை என்பது போய்விடும். காதால் கேட்டறியாத ஒரு சொல்லை அவள் தானே செய்தாள்.

“பிலியோரும்” என்றாள். பிறகு, அவர் காக்கைகளை விரட்டச் சொல்வதையும் சேர்த்துக்கொண்டாள். “ஸுஸ்.”

தெரியும், சும்மா இரு.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவித சத்தம் கேட்டது. ஊழியக்காரர் அதை ஆவியின் பெருமூச்சு என்று நினைத்தார். கல்யாணமான நாளிலிருந்து எலிசாள் கேட்டிராத சத்தம் அது. மனுஷன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் வருவதாகக் கேள்வி. எலிசாளுக்கு வியாக்கியான வரம் கிடைத்திருப்பதாக ஊழியக்காரர் அதற்குள் கோவில் முழுக்கச் சொல்லியாயிற்று. ஆவியின் பெயரைச் சொல்லி விளையாடுவது எலிசாளின் மனசைக் குத்தியது. ஞானபாயிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். யார் சொல்வது என்பதில் தீர்மானமில்லை. கடைசியில் திங்கட்கிழமை காலை அவர் வைத்தியசாலைக்குப் போய்விட்டார். எலிசாள் நோட்டை எடுத்துக்கொண்டு நாத்தனார் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

குடை காணாமல் போனதிலிருந்து ஆதாம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். ஞானபாய் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை; வாய்தான் நின்றுவிட்டது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை எலிசாள் அதுவரை கண்டதில்லை. கீரை முழுவதும் முடிந்த பிறகு ஞானபாய் கேட்டாள்:

“அப்பம் இத்தன நாளா அவன் என்னப் பத்தி என்ன சொன்னான்?”

எலிசாளுக்கு அது நன்றாகத் தெரியும். அக்காள் பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: ‘அப்லாம் யினே பாஷ்லாதி.’ அக்காள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். அதை எலிசாள் நோட்டில் அறுபது தடவையாவது குறித்திருப்பாள்.

ஊழியக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னவள், இந்த இடத்தில் பொய் சொன்னாள்.

“அக்கா இல்லாட்டி இந்த வீடே இல்லன்னு சொல்லுவாரு, மைனி.”

ஞானபாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதை அவன் பாஷையில் எப்படிச் சொல்லுவான் என்று கேட்டாள். தப்பிக்க வழியில்லை. ‘அப்லாம்’ என்றால் அக்கா என்பது அவளுக்கே தெரியும் போலிருந்தது, எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். எலிசாள் வாக்கியத்தை அப்படியே சொல்லிக்கொடுத்தாள். ஞானபாய் பாடம் பண்ணிவிட்டாள்.

மத்தியானம் தம்பி சாப்பிட வந்தபோது, சோறு பரிமாறிக்கொண்டே, உலகத்திலுள்ள பாசமெல்லாம் குரலில் வழிய, ‘அப்லாம் யினே பாஷ்லாதி’ என்றாள். அவருக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி உருகிவிட்டான் என்று ஞானபாய் தலையைத் தட்டிக்கொடுத்தாள். அன்று முதல், யார் வீட்டுக்கு வந்தாலும், பேசத் தொடங்கும் முன் அதை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள். அந்த ஊரிலேயே அவ்வளவு யோக்கியமாகத் தன்னைப் பற்றி முன்னறிவிப்புக் கொடுத்தவர் வேறு யாருமில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்தை ஞானபாயே தீர்த்துவைத்தாள். தம்பி பேசினது தேவபாஷை இல்லை, துருக்கி, சிறையில் படித்தது, எனக்கு அது இப்போதுதான் தெரிந்தது என்று ஊழியக்காரரிடம் கோவில் வாசலில் வைத்துச் சொன்னாள். அப்போ அந்த மீன்? என்று திரவியம் கேட்டாராம். அது சாளை என்றாளாம் ஞானபாய். அவர் கோபப்படவில்லை. அன்றைக்கு அழுதது அழுததுதான், அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு வந்தது. தமிழில் அல்ல. சிறையில் நடந்ததை ஞானசிகாமணியால் தமிழில் சொல்ல முடியவில்லை. அக்காளோடு பேசி வளர்ந்த பாஷையில் அதெல்லாம் வாய்க்குள் வர மறுத்தது. துருக்கியில் சொன்னார், அதுவும் சின்னச் சின்ன வாக்கியமாக, கீரைக்காரியிடம் பேரம் பேசுவதுபோல. வெயிலில் நடத்திக்கொண்டு போனது, வழியில் விழுந்தவர்கள், விழுந்தவர்களின் பூட்ஸ். எலிசாள் இடையிடையே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்பாள். பாடம் கேட்பதுபோல் கேட்டால் அவருக்குச் சொல்ல எளிதாக இருந்தது.

வருஷக்கணக்கில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் ‘மிஷ்’ அகப்பட்டது. தன் கண்ணால் பார்த்ததற்கு அவர் ‘தி’ போட்டார். ‘கெல்தி’, வந்தான். பிறர் சொல்லிக் கேட்டதற்கு ‘மிஷ்’. ‘கெல்மிஷ்’, வந்தானாம். நம்முடைய ‘ஆம்’ அது. கோள் சொல்கிற எல்லாருக்கும் தேவையான ஒட்டு என்று எலிசாள் சிரித்தாள்.

கோனியா ஆஸ்பத்திரியில் ரெஜெப் சாவுஷ் என்றொருவர் இருந்தார். சாவுஷ் என்றால் ஹவில்தார் மாதிரி. ஞானசிகாமணி ஜுரத்தில் கிடந்தபோது தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தவர். சண்டை முடிந்ததும் அவர் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தார் என்று தமிழில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஞானசிகாமணி சொல்லியிருந்தார். துருக்கியில் சொன்னபோது ‘கித்மிஷ்’ என்றார். போனாராம். எலிசாள் பிடித்துக்கொண்டாள். நீங்கள் பார்க்கவில்லையா? பார்க்கவில்லை. சொன்னது யார்? எவனோ ரயிலில் சொன்னான். உண்மையில் அந்த மனுஷன் வீடு சேர்ந்தாரா என்பது பதினைந்து வருஷமாக அவருக்குத் தெரியாது.

எழுதிக் கேட்பது என்று எலிசாள் பிடிவாதம் பிடித்தாள். துருக்கியில் எழுத்தையே மாற்றி, ஆங்கில எழுத்து மாதிரி ஒன்று வைத்துக்கொண்டார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து, காதில் கேட்டதை ஆங்கில எழுத்தில் எழுதி, கோனியா ஆஸ்பத்திரி விலாசத்துக்கு 1935-இல் போட்டார்கள்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. உறைக்குள் இரண்டு தாள். ஒன்று, இவர்கள் எழுதின கடிதமே. அதில் வரிக்கு நாலு இடத்தில் சிவப்பு மையால் திருத்தியிருந்தது. இன்னொன்றை எழுதியது ரெஜெப் சாவுஷின் மகள் நஜியே. அவள் ஆரம்பப் பள்ளி டீச்சராம். கேள்வி ‘மி’யை முன்சொல்லோடு ஒட்டி எழுதக்கூடாது, தள்ளி எழுதவேண்டும் என்று ஓரத்தில் தனிக் குறிப்பு வேறு. எலிசாள் இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. சிவப்பு மை போட்டே பழகின கைக்கு அது வாங்கிப் பழக்கமில்லை.

அப்பா வீடு வந்து சேர்ந்தார், பதினாலு வருஷம் நன்றாக இருந்தார், மூன்று வருஷம் முன்னால் இறந்தார் என்று அவள் எழுதியிருந்தாள். எல்லாவற்றுக்கும் ‘தி’, கூட இருந்து பார்த்தவள். ஞானசிகாமணி கடிதத்தைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துத் தனியாகப் படித்துவிட்டு வந்தார். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. அப்பா என்னைச் சின்னதில் தலையைத் தடவி ஓர் இந்தியச் சொல்லால் கூப்பிடுவார். உங்களிடம் படித்ததாகச் சொல்வார். ‘எரப்பாளி’ என்றால் என்ன அர்த்தம்?

எலிசாள் புருஷனைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்த்தார். பிச்சைக்காரப்பயல் என்று திட்டுகிற சொல் அது. கட்டுத்துணி துவைக்கச் சொல்லி விரட்டின ஒருநாள் சாவுஷை அப்படித் திட்டியதாகவும், அதென்ன என்று அவர் கேட்டதும் ‘கண்ணே’ என்று அர்த்தம் சொல்லிவிட்டதாகவும் ஒத்துக்கொண்டார். அப்போது அவருக்கும் சாவுஷுக்கும் பழக்கம் ஏற்பட்டிருக்கவில்லை. பழக்கமான பிறகு திருத்தத் தைரியம் வரவில்லை.

கண்ணே என்றே எழுதிவிடலாம் என்றார். எலிசாள் ஒப்பவில்லை. “அவ டீச்சராக்கும். சரியான அர்த்தம் கேட்டிருக்கா” என்றாள். மூன்று நாள் இதே வழக்கு. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். ‘மி’யைத் தள்ளி எழுதினார்கள்.

நஜியேயின் பதில் சீக்கிரமே வந்தது. இந்தத் தடவை சிவப்பு மை ஏழு இடத்தில்தான். அம்மாவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம் என்று எழுதியிருந்தாள். என் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிற பிள்ளைகளை இப்போது எரப்பாளி என்றுதான் கூப்பிடுகிறேன். அர்த்தம் கேட்டால் கண்ணே என்கிறேன். இதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் ஐந்து வருஷம் கடிதங்கள் போய் வந்தன. இரண்டாம் சண்டை வந்து தபால் நின்றுபோனபோது, எலிசாளின் பெட்டியில் பத்தொன்பது கடிதம் சேர்ந்திருந்தது. கடைசிக் கடிதத்தில் திருத்தம் ஒன்றே ஒன்று. அதுவும் புருஷன் எழுதின வரியில் என்று என்னிடம் காட்டினாள்.